பாஸ் படகின் எஞ்சின் உயரத்தை டியூப் லெவல் கொண்டு அளந்த அனுபவம்

மழைக்காலம் தொடங்கிய ஜூன் மாதத்தில், மும்பை ரே ரோடு ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாருகானாவில் இருக்கும் ஒரு தகரக் கொட்டகைக்குள் 17 அடி நீள பைபர் பாஸ் படகு ஒன்றை ட்ரெய்லரோடு கொண்டுவந்து நிறுத்தினோம். செம்பூரில் என் அடுக்ககத்திலேயே குடியிருக்கும் நண்பரின் படகு அது. தரம்தர் கழியில் தூண்டில் போடுவதற்காகக் கோவாவிலிருந்து பழையதாக வாங்கியிருந்தார். வாங்கிய நாள்முதல் அவர் சொல்லிவந்த குறைகள் நான்கு. வேகம் வரவில்லை, பெட்ரோல் அதிகம் போகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, எஞ்சினின் நீருக்குள் இறங்கும் காலைச் சுற்றி நீர் விசிறியடித்துப் பின்னால் உட்காருபவரை நனைக்கிறது. இவை தனித்தனியே வந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம் தேடலாம். நான்கும் ஒன்றாக வரும்போது, எஞ்சின் தேவைக்கு மேல் ஆழத்தில் தொங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அளவு எடுக்கும் முறையே அதன் அடிப்பாகத்தின் வடிவத்தைப் பொறுத்தது. பாஸ் படகு அமெரிக்க ஏரிகளுக்காகப் பிறந்தது. 1948-இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் செய்த ஸ்கீட்டர் என்ற தட்டையான படகை இதன் முன்னோடி என்பார்கள். அங்கே பாஸ் என்பது நன்னீர் மீன்; நம் கடற்கரையில் கொடுவா என்றும் இங்கே மராத்தியில் ஜிதாடா என்றும் அழைக்கப்படும் மீன் வேறு இனம். ஆனால் கரையோரம் ஒதுங்கி நிற்கும் மீனை நோக்கி வேகமாகப் போய், பிறகு ஓசையில்லாமல் நின்று தூண்டில் வீசும் முறை இரண்டுக்கும் பொருந்துகிறது. இந்தப் படகின் அடிப்பாகம் முன்னே கூராக இருந்து, பின்னே போகப்போக நடுவில் ஒரு தட்டைப் பட்டையாக முடிகிறது. நண்பரின் படகில் அந்தப் பட்டையின் அகலம் 250 மி.மீ. முழு வேகத்தில் படகு எழும்பி ஓடும்போது, பின்பகுதியில் இந்தப் பட்டை மட்டுமே நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே எஞ்சின் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கேள்வியை இந்தப் பட்டையிலிருந்துதான் கேட்க வேண்டும்.

பொதுவாக மெக்கானிக்குகள் பார்ப்பது வேறொன்று. புரொப்பல்லருக்கு மேலே எஞ்சின் காலில் ஒரு கிடைத்தட்டு இருக்கும். கேவிட்டேஷன் தட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அதன் வேலை அதுவல்ல. கேவிட்டேஷன் என்பது புரொப்பல்லர் இதழில் அழுத்தம் வெகுவாகக் குறைந்து நீரே ஆவியாகிக் குமிழிடுவது. இந்தத் தட்டு தடுப்பதோ, நீரின் மேற்பரப்பிலிருந்து காற்று கீழே இழுக்கப்பட்டுப் புரொப்பல்லர் பிடியிழந்து சுற்றுவதை. சாதாரணப் படகுகளில் இந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருந்தால் போதும் என்பது வழக்கம். பட்டை உள்ள படகில் தட்டைப் பார்ப்பது போதாது. புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டின், அதாவது ஷாப்டின், மையம் பட்டைக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். எஞ்சினை மாற்றினாலும் புரொப்பல்லரை மாற்றினாலும் ஒப்பிட உதவும் எண் அது ஒன்றுதான்.

முதல் அளவை நான் எல்லோரும் செய்வது போலவே எடுத்தேன். கொட்டகையின் சிமெண்டுத் தரையிலிருந்து பட்டையின் பின்விளிம்பு வரை 512 மி.மீ. இருந்தது. தரையிலிருந்து ஷாப்டின் மையம் வரை 345 மி.மீ. இருந்தது. கழித்தால் 167. இந்த எஞ்சினில் ஷாப்டின் மையத்திலிருந்து தட்டு வரை 160 மி.மீ. என்பதால், தட்டு பட்டைக்கு 7 மி.மீ. கீழே இருப்பதாகக் கணக்கு வந்தது. அது சரியான உயரம்தான். எஞ்சினில் குறையில்லை, வேறு காரணம் தேடலாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் முழுவதும் புரொப்பல்லர் இதழ்களின் பிட்சை, அதாவது ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரத்தை, சோதிப்பதிலும், தளத்துக்கு அடியிலுள்ள நுரைப்பொருள் நீர் குடித்திருக்கிறதா என்று பார்ப்பதிலும் கழிந்தது.

தவறைக் கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர், அங்கே வள்ளங்களுக்கு எஞ்சின் மாட்டிப் பழகி, பிறகு மும்பைக்கு வந்து அண்டாப் ஹில்லில் குடியேறியவர். மூன்றாவது சனிக்கிழமை, இரவெல்லாம் கொட்டிய மழையில் கூரை ஒழுகிப் படகுக்குள் நீர் தேங்கியிருந்தது. நான் அதை மோந்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவர் பக்கவாட்டில் நின்று சற்று நேரம் பார்த்தார்.

"தம்பி, தண்ணி அணியத்துப் பக்கம் நிக்குதே. அமரத்துலதான வடிகால் ஓட்டை இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். அணியம் என்பது படகின் முன்பகுதி, அமரம் என்பது பின்பகுதி. வடிகால் அடைப்பானைக் கழற்றித்தான் வைத்திருந்தேன். நீர் அதை நோக்கிப் போகாமல் முன்னே போய் நின்றது. ட்ரெய்லரின் முன்சக்கரம் துருப்பிடித்து உட்கார்ந்துபோனதால், முன்கொக்கியை இரண்டு செங்கல் மேல் வைத்திருந்தோம். படகு மூக்கைத் தாழ்த்தி நின்றிருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் கொட்டகையின் கூரையும் அதே பக்கம் சரிந்திருந்தது.

அன்றே நாக்தேவி தெருவுக்குப் போய், காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு கோணத்தைப் பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்றை வாங்கிவந்தேன். அரை மீட்டர் நீளமுள்ள நேரான இரும்புப் பட்டி ஒன்றைப் படகின் பட்டைக்கு அடியில் ஒட்டிப் பிடித்து, அதன் மேல் கோணமானியை வைத்தபோது, முன்பக்கம் 2.2 டிகிரி தாழ்ந்திருப்பதாகக் காட்டியது. சிறிய கோணம்தான். ஆனால் பட்டையின் பின்விளிம்பிலிருந்து புரொப்பல்லர் இருக்கும் இடம் 480 மி.மீ. பின்னால் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் 2.2 டிகிரி என்பது 18 மி.மீ. உயர வேறுபாடாக ஆகிவிடுகிறது. படகு மூக்கைத் தாழ்த்தி நின்றால், பட்டையின் கோட்டைப் பின்னால் நீட்டும்போது அது மேல்நோக்கி ஏறும். தரையிலிருந்து அளப்பவருக்கு ஷாப்ட் உண்மையில் இருப்பதைவிட ஆழம் குறைவாக இருப்பதாகத் தோன்றும். எஞ்சினைப் பின்பலகையில் மாட்டும் கவ்வியில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. இரண்டு செங்கல் ஏறத்தாழ ஒரு முழுத் துளையை என்னிடமிருந்து மறைத்துவிட்டன.

தரையை நம்பாமல் அளப்பது எப்படி என்று யோசித்தபோது, கட்டட வேலையில் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல்தான் நினைவுக்கு வந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை. அடித்தளத்துக்கு மட்டம் பார்க்கும் அதே கருவி படகுக்கும் போதும். குழாய்க்குள் ஒரு சிறு காற்றுக் குமிழ் தங்கினாலும் அளவு பிசகிவிடும் என்பதால், மட்டம் தெளிவாகத் தெரியக் கொஞ்சம் நீலம் கரைத்த நீரை மெதுவாக ஊற்றி, குழாயை விரலால் தட்டித் தட்டி எல்லாக் குமிழையும் வெளியேற்றிக்கொண்டேன்.

வேலையை இந்த வரிசையில் செய்தோம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, அவசர நிறுத்தக் கயிற்றையும் உருவி எடுத்து, கியரை நடுநிலையில் வைத்தேன். புரொப்பல்லரில் கை வைக்கும் எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது. அடுத்து, ட்ரெய்லரின் முன்கொக்கிக்குக் கீழே கார் ஜாக்கியைக் கொடுத்து, பட்டையின் மேல் ஒட்டிய கோணமானி 0.0 காட்டும்வரை சிறிது சிறிதாக உயர்த்தினேன். பட்டையின் கடைசி ஒரு மீட்டரில் எங்கேனும் பள்ளமோ மேடோ இருக்கிறதா என்று இரும்புப் பட்டியை வைத்து வெளிச்சம் பார்த்தேன். பழைய பெயிண்ட் திரண்டிருந்த இரண்டு இடங்களைச் சுரண்டி எடுத்த பிறகு, பட்டி முழுவதும் ஒட்டி நின்றது. இந்தச் சோதனை முக்கியமானது. பின்விளிம்புக்கு அருகே அடிப்பாகம் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அந்தப் படகு எந்த உயரத்திலும் சரியாக ஓடாது. அப்போது எஞ்சினை நகர்த்துவதில் பயனில்லை.

பிறகு புரொப்பல்லரைக் கழற்றினேன். பிளவூசியை நிமிர்த்தி உருவி, மரையைத் தளர்த்தி, வாஷர்களைக் கழன்ற வரிசைப்படியே ஒரு துணியில் அடுக்கிவைத்தேன். வெறும் ஷாப்டின் மேல் கோணமானியை வைத்து, எஞ்சினின் சாய்வை மாற்றும் டிரிம் பொத்தானைத் தொட்டுத் தொட்டு ஷாப்டையும் 0.0-க்குக் கொண்டுவந்தேன். பட்டையும் ஷாப்டும் இணையாக இருந்தால்தான் இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் என்ற பேச்சுக்கே பொருள் உண்டு. எஞ்சின் சாயும் அச்சு மேலே, பின்பலகையின் உச்சிக்கு அருகில் இருக்கிறது. புரொப்பல்லர் அந்த அச்சுக்கு 700 மி.மீ. கீழேயும் 250 மி.மீ. பின்னேயும் இருக்கிறது. இந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், 5 டிகிரி வெளியே சாய்த்தாலே ஷாப்ட் 24 மி.மீ. மேலே ஏறிவிடும். கண்மதிப்பில் நேராக இருக்கிறது என்று விட்டுவிட்டால் அங்கேயும் ஒரு துளை காணாமல் போகும்.

ஷாப்டின் மையத்தைக் கண்டுபிடிக்க நான் பட்ட கவலை தேவையற்றது என்று தெரிந்தது. லேத்தில் கடைந்தபோது சென்டர் பிடிப்பதற்காக இட்ட சிறு கூம்புக் குழி ஷாப்டின் முனையில் அப்படியே இருக்கிறது, பென்சில் முனை செருகும் அளவுக்கு. கிரீஸைத் துடைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. ஷாப்டின் முனைக்குப் பின்னால் ஒரு மரச்சட்டத்தைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்தினேன். டியூப் லெவலின் ஒரு முனையை அண்ணாச்சி பட்டையின் பின்விளிம்பில் பிடித்து, நீர்மட்டம் விளிம்போடு ஒத்துவரும்வரை பொறுத்திருந்தார். அசையாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நீர் ஏறியிறங்கி அடங்க அவ்வளவு நேரமாகிறது. அடங்கியதும் மறுமுனையில் நின்ற நீர்மட்டத்தைச் சட்டத்தின் மேல் கோடிட்டேன். குழியின் மட்டத்தைச் சிறிய ரசமட்டம் வைத்து அதே சட்டத்துக்குக் கடத்தி இரண்டாவது கோடிட்டேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவே 185 மி.மீ. இருந்தது. நம்பிக்கைக்காக அண்ணாச்சியும் நானும் இடம் மாறி மறுபடி அளந்தோம், 184 வந்தது. தட்டு பட்டைக்கு 25 மி.மீ. கீழே இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

எஞ்சினின் கால் நீளத்தையும் அப்போதே அளந்தேன். லாங் ஷாப்ட் என்று விற்கப்படும் எஞ்சினுக்குப் பெயரளவு நீளம் 20 அங்குலம், அதாவது 508 மி.மீ. இந்தப் படகின் பின்பலகையும் செங்குத்தாக 508 மி.மீ. தான். ஆனால் இந்த எஞ்சினில் கவ்வி உட்காரும் இடத்திலிருந்து தட்டு வரை உண்மையில் 533 மி.மீ. இருந்தது. பெயரளவு நீளத்தை நம்பி, பலகையும் எஞ்சினும் பொருந்துகின்றன என்று முன்பு யாரோ கவ்வியின் மேல்துளையிலேயே, எஞ்சின் மிகத் தாழ்வாக நிற்கும்படி, மாட்டி முடித்திருக்கிறார்கள். 25 மி.மீ. அதிகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இதுதான்.

உயர்த்தும் வேலையில் எழுத அதிகம் இல்லை. 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கையால் தூக்கும் எண்ணமே கூடாது. முக்காலியில் செயின் பிளாக் கட்டி, எஞ்சினின் தூக்குக் கண்ணில் கொக்கி மாட்டி, எடையைச் சங்கிலி ஏற்றுக்கொண்ட பிறகே போல்டுகளைத் தளர்த்தினோம். இந்தக் கவ்வியில் மேலே வரிசையாகத் துளைகளும் கீழே நீண்ட காடிகளும் இருப்பதால், பின்பலகையில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. பழைய ஓட்டைகளுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன். உள்ளிருக்கும் மரம் காய்ந்து கெட்டியாக இருந்தது. ஈரமாகவோ கறுத்தோ இருந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு போல்டையும் கடல்நீர் தாங்கும் பாலியூரித்தேன் சீலண்டில் தோய்த்துப் போட்டோம். அதன்பின் எஞ்சினை முழுவதும் இரு பக்கமும் திருப்பி, முழுவதும் மேலே சாய்த்து, ஸ்டியரிங் கேபிளும் பெட்ரோல் குழாயும் ஒயர்களும் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். குளிர்விக்கும் நீரின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் இப்போதே பொருத்தினேன். எஞ்சினை உயர்த்தும்போது நீர் உறிஞ்சும் வாயும் உயர்கிறது. காற்றைக் குடித்தால் எஞ்சின் சூடேறிக் கெடும். அந்த மீட்டர் இல்லாமல் உயரம் மாற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நீரில் சோதிக்க அக்டோபர் வரை காத்திருந்தோம். பக்கத்திலேயே தாணே கழி இருந்தாலும், அது பூநாரைகளின் சரணாலயம்; உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் 2022 முதல் உள்ளது. முழு வேகச் சோதனைக்கு உரிய இடம் அதுவல்ல. பன்வேல், பேண் வழியாகத் தரம்தர் கழிக்கே படகை இழுத்துச் சென்றோம். மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீரேற்றமும் இறக்கமும் பெரியவை, இழுப்பும் கடுமை. ஆகவே அஷ்டமியை ஒட்டிய இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். அப்போது ஏற்றம் காலை ஆறேழு மணிவாக்கில் முடிந்து, நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். இரண்டு நாளும் படகில் இருவர், பெட்ரோல் 40 லிட்டர், அதே 13 அங்குல பிட்ச் கொண்ட மூன்றிதழ் அலுமினியப் புரொப்பல்லர். ஒவ்வொரு உயரத்திலும் எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை ஓட்டி, ஜிபிஎஸ் காட்டிய வேகங்களின் சராசரியை எழுதினேன். ஒப்பிடுவதற்காகப் பழைய துளையிலிருந்தே தொடங்கினோம்.

பழைய உயரத்தில், அதாவது ஷாப்ட் 185 மி.மீ. ஆழத்தில், எஞ்சின் 5,250 ஆர்பிஎம் சுற்றி மணிக்கு 46.5 கி.மீ. வேகம் தந்தது. ஒரு துளை ஏற்றியதும் 5,380 ஆர்பிஎம், 48.6 கி.மீ. இரண்டாவது துளையில், 147 மி.மீ. ஆழத்தில், 5,500 ஆர்பிஎம், 50.2 கி.மீ. ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிக்க முடிந்தது. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த நண்பரின் சட்டை காய்ந்தே இருந்தது. நீர் அழுத்தம் 12 பி.எஸ்.ஐ.-யில் நிலைத்து நின்றது.

மூன்றாவது துளையில் வேகம் 50.9 கி.மீ. ஆனது. வேகத்தை மட்டும் பார்த்தால் அதுதான் சிறந்தது என்று தோன்றும், நண்பரும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் சுற்று 5,620-க்கு ஏறியிருந்தது. கியர் விகிதம் 1.83 என்பதால் ஆர்பிஎம்மை அதனால் வகுத்து, பிட்சால் பெருக்கினால், புரொப்பல்லர் நீரில் நழுவலே இல்லாவிட்டால் படகு போக வேண்டிய வேகம் கிடைக்கும். அதோடு உண்மை வேகத்தை ஒப்பிட்டால், பழைய உயரத்தில் நழுவல் 18 சதவீதத்துக்குச் சற்று மேல், இரண்டாவது துளையில் 15.7, மூன்றாவது துளையில் மீண்டும் 16.3. உயர்த்த உயர்த்தக் குறைந்துவந்த நழுவல் அங்கே திரும்பிவிட்டது. காரணமும் அளவிலேயே இருக்கிறது. புரொப்பல்லரின் ஆரம் 140 மி.மீ.; ஷாப்ட் 147-இல் இருக்கும்போது இதழின் நுனி பட்டையின் மட்டத்துக்கு 7 மி.மீ. கீழே சுற்றுகிறது. 128-இல் அது மட்டத்துக்கு 12 மி.மீ. மேலே வந்துவிடுகிறது. நேராகப் போகும்போது, பட்டையைக் கடந்த நீர் பின்னால் சற்று எழும்புவதால் இதழ் மூழ்கியிருக்கும். வளைவில் அந்த நீர் விலகுகிறது. இடப்பக்கம் திருப்பிய உடனே எஞ்சின் அலறி 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டியது, படகு முன்னே போவதை விட்டது, அழுத்த மீட்டர் 12-இலிருந்து 6-க்கு விழுந்தது. நான் உடனே வேகத்தைக் குறைத்தேன்.

ஷாப்ட் பட்டைக்கு மூன்று அங்குலம்தான் கீழே இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாஸ் படகுக்காரர்கள் சொல்வதை நண்பர் படித்திருந்தார், அதனால் 128-உம் அவருக்கு ஆழமாகவே பட்டது. அந்தப் படகுகளில் 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின், பின்பலகையிலிருந்து பத்து அங்குலமோ அதற்கு மேலோ தள்ளி நிற்கும் ஜாக் பிளேட்டில் மாட்டப்பட்டிருக்கும். அவ்வளவு தூரம் பின்னால் நீர் நன்றாக எழும்பியிருக்கும். நுனி மடித்த எஃகுப் புரொப்பல்லர் பாதி காற்றிலும் பிடித்து ஓடும். நீர் உறிஞ்சும் வாயும் தாழ்வாக அமைக்கப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்றுகூட இந்தப் படகில் இல்லாதபோது, அந்த எண்ணை மட்டும் எடுத்துவந்து இங்கே மாட்ட முடியாது. இதை அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவரையே ஸ்டியரிங்கில் உட்காரவைத்து ஒரே ஒரு வளைவு எடுக்கச் சொன்னேன். கரைக்கு வரலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அன்று மாலையே முக்காலியை நிறுத்தி, எஞ்சினை இரண்டாவது துளைக்கு இறக்கினோம். பட்டையை மீண்டும் 0.0-க்குக் கொண்டுவந்து, டியூப் லெவலால் அளந்தபோது 147 வந்தது. சோதனையில் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் நான்கு போல்டுகளையும் மறுபடி இறுக்கினேன். கவ்வி இப்போது நிற்கும் இடத்தைப் பின்பலகையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் 147 என்ற எண்ணையும், அது பட்டையும் ஷாப்டும் 0.0-இல் இருக்கும்போது எடுத்த அளவு என்பதையும், புரொப்பல்லரின் பிட்சையும் எழுதிவைத்தேன். ட்ரெய்லருக்குப் புது முன்சக்கரம் வந்துவிட்டது. இப்போது படகு மூக்கை உயர்த்தி நிற்கிறது. மழைநீர் வடிகால் வழியே தானாகப் போய்விடுகிறது.